கும்மிடிப்பூண்டியில் கழுவி விட்ட பாதங்கள்

கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை, எழுதிவிடுகிறேன். இந்தக் கார்த்திகையில், போன வியாழக்கிழமை திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். தம்பி மனைவி கலை அங்கே தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் லைன் வீட்டில் இருக்கிறாள். ஒரே வரிசையில் எட்டு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அவள்தான் போன் செய்தாள்: "அண்ணி, எங்க பக்கத்து ஊட்டு சபிதா செவுத்துல கோலம் போடுது. ஒரு தபா வந்து பாருங்க."

சபிதா ஒடிசாப் பெண். கணவருக்கு இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை. வந்து எட்டு மாதமாகியும் யாரோடும் பேச்சில்லை, சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. ஊருக்கே அனுப்பிவிடலாமென்று கணவர் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு வியாழனன்று அரிசி மாவைக் கரைத்து, வாசல் சுவரில் நெற்கதிரும் மகாலட்சுமி பாதமும் வரைந்தாளாம். இந்த மாத வியாழன்களில் லட்சுமியை வீட்டுக்கு அழைப்பது அவர்கள் ஊர் வழக்கம். கலை வேடிக்கை பார்க்கப் போனாள். அடுத்த வாரம் நாலு பேர் போனார்கள். இவர்கள் புள்ளிக் கோலம் சொல்லித் தர, அவள் கதிர் வரையச் சொல்லித் தந்தாள். மூன்றாம் வாரம், கலை வைத்த குழம்பில் உப்பில்லை என்று தமிழிலேயே கிண்டல் செய்தாளாம். டிக்கெட் பேச்சு நின்றது.

திருவள்ளூரில் காலை 5.50க்கு ரயில் ஏறினேன். சென்ட்ரல் வரை போக வேண்டாம், பேசின் பிரிட்ஜிலேயே மாறலாம். முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, 8.50க்குக் கும்மிடிப்பூண்டி. ரயிலுக்கு இருபது ரூபாய், ஷேர் ஆட்டோவுக்கு இருபது.

போய் இறங்கினால் சுவர் நனைந்திருக்கிறது. மாவுத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது. வீட்டு ஓனர் பக்கெட்டோடு நிற்கிறார். சபிதா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் போட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் ஊற்றிவிட்டாராம்.

"எறும்பு ஏறுதும்மா. பெயிண்டு யாரு அடிக்கிறது? செவுரு என்னுது" என்றார்.

எறும்பு தின்னட்டும் என்றுதானே அரிசி மாவில் போடுகிறோம்? அவர் வீட்டு வாசக்கால் மேலேயே மகாலட்சுமி படம், புது மாலையோடு.

"செவுரு உங்களுதுதான். பாதம் யாரோடது நைனா?" என்று கேட்டேன்.

"தெனமும் நீங்களே பெருக்கித் தள்றதுதான" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். பெருக்குகிறோம்தான். போட்டவளே பெருக்குவாள், புதிதாய்ப் போடுவதற்காக. அடுத்தவள் போட்டதை மிதிக்காமல் சுற்றித்தான் போவோம். இது அவருக்குத் தெரியாதா?

கலை கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. கணவர் திரும்பவும் போனில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று கலை என் காதில் சொன்னாள். நான் கலையிடம் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தெருக்குழாயிடம் போய்க் குனிந்தேன். சுவர்தானே அவருடையது, தெரு இல்லையே! அங்கிருந்து சபிதா வாசல் வரை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து பாதம் போட்டேன். கடைசிப் பாதத்துக்கு விரல் வைக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் சத்தம்.

"அக்கா, இன்னா பண்ணிக்கினு கீறே? லட்சுமி வெளிய போறா."

பார்த்தேன். விரல்கள் எல்லாம் தெருவைப் பார்த்திருந்தன. கோபத்தில் திசையைக் கோட்டை விட்டிருக்கிறேன். நாற்பது வருடமாகக் கோலம் போடுகிறவள்! கலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சபிதா சிரிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு வந்து என் பாதங்களை ஒவ்வொன்றாகப் பெருக்கினாள். பிறகு கிண்ணத்தை வாங்கி, வாசல்படியில் குனிந்து, தெருப்பக்கம் பின்வாங்கிக்கொண்டே புதிதாய்ப் போட்டாள்.

போக நினைப்பவர்கள் வியாழனன்று எட்டரை மணிக்குள் போய்விடுங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அரைப்படி பச்சரிசி கொண்டு போங்கள். வாசல்படியிலிருந்து ஆரம்பித்து தெருவுக்குப் பின்வாங்குங்கள். அப்போதுதான் லட்சுமி உள்ளே வருவாள். எனக்கு அதைச் சொல்லித் தந்தவள் சபிதா.