ஒரே வீட்டில் மூவருக்குக் கண் வறண்டபோது

முதலில் தடுமாறியது நான்தான். யுத்த காலம். பெரம்பலூரில் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, ஏழு மாதக் கர்ப்பம். பொழுது சாயும் வேளையில் குடத்தோடு திரும்பியவள், வாசலில் கட்டியிருந்த எங்கள் மாட்டின் மேலேயே மோதி விழுந்தேன். அது வெள்ளை மாடு. என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மாசமா இருக்கறவங்களுக்கு வர்றதுதாம்மா. புள்ள பொறந்தா தானா போயிடும்" என்றார் மாமனார். மாலைக்கண் (வெளிச்சம் குறைந்தால் பார்வை மங்குவது) ஊரில் பல பெண்களுக்கு இருந்தது. யாரும் பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை.

மாமனாருக்கு அறுபத்தைந்து வயது. அவருடைய கண்ணும் வறண்ட கண்தான். மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்பார். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் ஒற்றி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போய்விடுவார்.

மகள் அஞ்சலைக்கு மூன்று வயது. அவளுக்கு அப்போதுதான் மணல்வாரி (உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரியும் அம்மை) வந்து இறங்கியிருந்தது. அம்மை கண்ட நாள் முதல் கஞ்சியைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. அதற்கு முன்பும் பெரிதாக ஒன்றும் இல்லை. ரேஷன் தானியம்தான்; மாட்டுக்கும் பால் வற்றியிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் குழந்தை எழுந்து விளையாடவில்லை. வெளிச்சம் பட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவளை மடியில் கிடத்தி இமையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை விழியில் பளபளப்பே இல்லை. சுருங்கிய தோல்போல மடிப்பு விழுந்திருந்தது. ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு திட்டு. ஈ ஒன்று கண்ணின் மேல் வந்து உட்கார்ந்தது. அவள் இமைக்கவில்லை.

"மாமா, புள்ள கண்ணு ஒரு மாதிரியா இருக்குங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க."

"காத்துல தூசி விழுந்துருக்கும். எனக்குப் பத்து வருசமா வறண்டுதான் கெடக்கு, குருடாவா போயிட்டேன்? ஆத்தா எறங்கி ஒரு வாரங்கூட ஆவல. புள்ளய பஸ்ல போட்டு அலைக்காத."

அவர் கெட்டவர் அல்ல. பேத்தி மேல் உயிராக இருந்தார். தன் விளக்கெண்ணெயையே அவளுக்கும் விட்டார். தபால்காரரான என் கணவர் கிராமங்களைச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள்தான் திரும்புவார். அதுவரை பொறுத்திருந்தேன். இதைப் படிக்கும் தாய்மார் யாருக்கேனும் குழந்தையின் கண் இப்படி மங்கினால், மூன்று நாள் பொறுக்காதீர்கள். மூன்று மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள்.

கணவர் வந்த அன்று, இடது கருவிழி (கண்ணின் நடுவே கண்ணாடிபோல் இருக்கும் பகுதி) தேய்ந்து மங்கிய கண்ணாடியாக மாறியிருந்தது. ஒரு பார்வை பார்த்தார். தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. "கெளம்பு" என்றார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அது. அரியலூர் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் முந்தானையை விலக்கி அவள் கண்ணைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெள்ளை கூடியிருப்பதாகவே பட்டது. பின் இருக்கையில் மாமனாரும் வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"இடது கண்ணு கரைய ஆரம்பிச்சிடுச்சும்மா. அதுக்கு ஒன்னும் செய்ய முடியாது. வலது கண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"எனக்கும் இதே வறட்சிதாங்களே..." என்றார் மாமனார்.

"பேரு ஒன்னுதான் பெரியவரே, நோய் வேற. வயசானா கண்ணுல ஈரம் சுரக்கறது கொறையும். எரியும், உறுத்தும், அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்கு உடம்புல சத்தே இல்ல. இருந்த கொஞ்சத்தையும் அம்மை தின்னுடுச்சு. உங்க மருமகளுக்கு இருக்கறதும் அதே சத்துக் கொறைச்சல்தான். வயித்துல இருக்கறது பங்கு எடுத்துக்குது."

மாமனார் கை கூப்பினார். "என் கண்ணுல ஒன்ன எடுத்துப் புள்ளைக்கு வச்சிடுங்க சார்."

டாக்டர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மாமனார் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

பதினேழு நாள் அங்கே இருந்தோம். சுறா ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். குழந்தை வாந்தி எடுப்பாள். துடைத்துவிட்டு மறுபடி புகட்டுவேன். அதே எண்ணெயை நானும் குடித்தேன். ஒரு வாரம் கழித்து, அந்தி வேளையில், எதிர்ச் சுவரில் நடந்த பல்லி எனக்குத் தெரிந்தது. மறுநாள் வலது விழியில் ஈரத்தின் மினுமினுப்பு வந்தது. இடது கண் வெளுத்துச் சுருங்கிப்போனது. ஊர் திரும்பியபின் மாமனார் சந்தைதோறும் ஆட்டு ஈரல் வாங்கி வந்து, தானே பிசைந்து அவளுக்கு ஊட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினார்.

புரட்டாசியில் மகன் பிறந்தான். வீறிட்டு அழுதான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

கணவர் அன்றே அரியலூருக்கு ஓடினார். "பொறந்த குழந்தைக்குக் கண்ணீர் வர சில வாரம் ஆகும். பயப்பட வேண்டாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நம்ப முயன்றேன். முடியவில்லை. கண் இமைப்பது தானாக நடக்கும் காரியம் என்று அதுவரை நினைத்திருந்தவள், என் இமைப்பையும் அவன் இமைப்பையும் எண்ண ஆரம்பித்தேன். நாள், கிழமை எதுவும் நினைவில் தங்கவில்லை. அவன் அழுவதற்கும் அடுத்து அழுவதற்கும் இடையே இருந்ததுதான் எனக்குக் காலம்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் பசித்து அழுதான். வலது கண்ணின் ஓரத்தில் நீர் கட்டி, மூக்கோரமாக இறங்கியது. நான் அவனைத் தூக்கவில்லை.

"ஏம்மா, புள்ள அழுவுதே, தூக்க மாட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மாமனார்.

"கொஞ்சம் இருங்க மாமா" என்றேன். இடது கண்ணிலும் வரட்டும் என்று காத்திருந்தேன்.