சத்யராஜின் முறை

எஸ்தருக்கு ஏனாத்தூர் காலேஜில் பெருக்கித் துடைக்கிற வேலை. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவாள். உட்கார இடம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவாள். மற்ற நேரத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

அவள் புருஷன் சத்யராஜ் பெயிண்டர். கல்யாண மண்டபம் ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூன்று வருஷமாகக் கட்டில்தான். புண் வராமல் இருக்க அவனை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நல்ல கனம். அதனால் சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து நான் போய்க் கை கொடுப்பேன். துளசி என்று பேர் வைத்துக்கொண்டு நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் அவர்கள் ஜெபம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அவன் விழுந்த புதிதில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் ஜெபம் பண்ண வந்தார். விசுவாசம் இருந்தால் எழுந்து நட என்று கையைப் பிடித்து இழுத்தார். சத்யராஜ் நம்பித்தான் எழப் பார்த்தான். தரையில் போய் விழுந்தான். விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷன் எஸ்தர் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. அன்றிலிருந்து சத்யராஜ் ஜெபத்தில் வாயைத் திறப்பதில்லை.

அவர்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முதலில் மகள் சுகாசினி, அப்புறம் எஸ்தர், கடைசியில் சத்யராஜ். அவன் முறை வந்ததும் எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். வெகுநேரம் கழித்து அவளே ஆமென் சொல்லி முடிப்பாள். தினமும் இதே கதை.

சபைப் பெண்கள் வந்தால், பாடுகளிலும் கஷ்டத்திலும் சந்தோஷமாக இருக்கணும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, மூத்திரப் பையை யார் மாற்றுவது? அவன்தான் பேசுவதில்லையே, அவன் முறையை விட்டுவிட்டு முடித்தால் கொஞ்சம் முன்னாடி படுக்கலாமே என்று ஒருநாள் எஸ்தரிடம் எரிச்சலோடு கேட்டுவிட்டேன்.

"உடம்பு ஓஞ்சு போச்சுக்கா," என்றாள். "சந்தோஷம் எங்க இருக்குதுன்னு தேடக்கூடத் தெம்பு இல்ல. ஆனா அந்த நேரத்துல ஆண்டவரும் எம்பக்கத்துல உக்காந்துக்கினு இவரு வாயத் தொறப்பாரான்னு பாத்துக்கினு இருக்காருக்கா. அவர வுட்டுட்டு நான் மட்டும் எப்படி எழுந்து போறது?"

மறுநாளும் ஜெபம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

போன மாசம் சத்யராஜுக்குக் காய்ச்சல். விடிய விடிய ஈரத்துணி போட்டவள், காலையில் அப்படியே வேலைக்குப் போனாள். காலேஜில் பட்டமளிப்பு விழாவாம், நாள் பூராவும் நாற்காலி துடைத்திருக்கிறாள். சாயங்காலம் சுகாசினி ஜெபம் பண்ணி முடித்தாள். எஸ்தர் ஆரம்பித்தாள். இந்த நாளுக்காக ஸ்தோத்திரம் என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கட்டில் சட்டத்தில் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

சுகாசினி எழுப்பப் போனாள். சத்யராஜ் வேண்டாம் என்று கையைக் காட்டினான். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஆண்டவரே, உங்க மேல எனக்குக் கோவம் இன்னும் தீரல. அது கெடக்கட்டும். இவ தூங்குறா. இவள யாரும் எழுப்பாம பாத்துக்கங்க. என்னால எழுந்து ஒரு போர்வகூடப் போத்த முடியல. நீங்க போத்துங்க."

சுகாசினி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எஸ்தரைப் பார்த்தேன். கண் மூடியபடியே இருந்தது. ஆனால் இமைக்குக் கீழே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தூங்குகிறவள் முகமா அது? அத்தனை அசதியிலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாணப் பெண் முகத்திலும் பார்த்ததில்லை.

அவன் ஆமென் சொல்ல வாயெடுத்தான்.

"முடிச்சிடாதீங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க."

அவன் திணறினான். சுகாசினியின் பரீட்சையைச் சொன்னான், என் முட்டிவலியைச் சொன்னான், தெருவில் தண்ணீர் வராததைக்கூடச் சொன்னான். அவனைப் புரட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.