கறுப்புத் திரையில் பச்சை எது?

கம்ப்யூட்டரில் கோப்புப் பட்டியலுக்கு வண்ணம் பூசலாம் என்று முதலில் நினைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறவிக் கோளாறு. வேறு ஊராக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நான் பிறந்ததோ காஞ்சிபுரத்தில், நெசவு வீட்டில். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கல்யாணப் புடவை தறியில் இருக்கும்போது, அரக்கு நூல் கேட்டால் பச்சையை எடுத்து நீட்டுவேன்.

"உன்ன நம்பி தறியில உக்கார வெச்சா கல்யாணப் பொண்ணு கதி அவ்ளோதான்டா" என்று அம்மா சிரிப்பார்.

அதனால்தான் கம்ப்யூட்டர் படித்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். அங்கே யாரும் என்னிடம் நிறம் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் லினக்ஸ் தெரிந்த ஆள் கேட்டார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடப் போக வேண்டும். அங்கே என் பிழைப்பு எத்தனை நாள் ஓடும்?

தேர்வு வைத்தவர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். "இதுல எதெல்லாம் ரன் ஆவும், சொல்லுப்பா."

இயங்கும் நிரல்கள் பச்சையிலும், மூலக்கோப்பு காணாமல்போன வெற்று இணைப்புகள் சிவப்பிலும் இருந்தனவாம். எனக்கு எல்லாம் ஒரே பழுப்பு. வண்ணத்தை நிறுத்தி, பெயரின் கடைசியில் வகைக்கொரு குறி போடும்படி கட்டளையை மாற்றித் தட்டினேன். இயங்குகிறவற்றுக்கெல்லாம் நட்சத்திரம் விழுந்தது. மளமளவென்று சொன்னேன்.

"பச்சைய பாத்து சொல்றதுக்கு ஏம்பா இவ்ளோ சுத்தற?"

"எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் சார் தெரியுது."

"காஞ்சிபுரத்துல பொறந்துட்டு கலர் தெரியலன்றியேப்பா!" விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கி தப்பா எதனா அழிச்சிட்டீனா?"

"இப்ப எது சார் தப்பாச்சு?"

"சொல்லி அனுப்பறோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது, திறந்திருந்த கதவுக்குள்ளே பிரிண்டர் கரகரத்தது. அடுத்து வருகிறவர்களின் விடையைத் திருத்த அவருக்குப் பட்டியல் காகிதத்தில் வேண்டும். அவருடைய பிரிண்டருக்கோ கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது. வண்ணப் பட்டியல் எல்லாப் பெயரும் ஒரே கறுப்பாக வந்து விழுந்தது, கசக்கிப் போட்டார். பிறகு என் பட்டியலை அடித்து எடுத்தார்.

அடுத்தவர் உள்ளே போய்ப் பச்சையைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னது சரிதானா என்று தேர்வு வைத்தவர் என் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு 'டிக்' அடித்தார். வேலை அந்த அடுத்தவருக்குக் கிடைத்தது.