முகர்ந்து பார்த்தவர்கள்

போன வருடம் கொஞ்ச நாள் நான் மௌத்தாகி மண்ணுக்குப் போகப்போகிறேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். என் சிகரட்டுகள், நான் பத்தி இழுப்பதை விட வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன.

மனைவி நாற்பத்திரண்டு வயதில் கர்ப்பமானபோது, இனிப் பத்த மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த கையோடு, வீட்டு வளவின் மூலையிலுள்ள குளியலறைக் கூரை இடுக்கில் ஒரு பெட்டியை ஒளித்தும் வைத்தேன். காலையில் ஒன்று, கடை பூட்டி வந்து ஒன்று. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். பெட்டியோ வேறு கதை சொன்னது. வீட்டில் இருப்பது நானும் அவளும் எங்கள் ஒரே மகளும். அப்படியென்றால் நானே பத்திவிட்டு மறந்துபோகிறேன். மூளை கெட்டுவிட்டது. இல்லையென்றால் ஜின். ஆயத்துல் குர்ஸி ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டு, அதே வாயில் ஒரு சிகரட்டையும் பற்றவைத்தேன். மறுநாள் டொக்டரிடம் போய் நெஞ்சைச் சோதித்தேன். "உங்களுக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல, பயம்தான் கூட" என்றார். பயத்துக்கு ஏதும் குளிசை இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்த நாட்களில் மனைவிக்குப் பக்தி கூடியிருந்தது. பின்னேரமானால் குளியலறைப் பக்கம் சாம்பிராணி மணக்கும். கல்முனையில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். "நம்மட வளவுக்குள்ள வானத்து மலக்குமார் வந்து போறாங்க மச்சான்."

ஒரு நாள் அஸர் தொழுகைக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். குளியலறைச் சுவரின் மேல் துவாரத்தால் புகை போய்க்கொண்டிருந்தது. கரன்ட் வயர் பற்றிவிட்டது என்று முடிவு கட்டி, கிணற்றடி வாளியைத் தூக்கித் தண்ணீரைத் துவாரத்துக்குள் வீசினேன். கரன்ட் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது வீசிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே ஒரு பெண் கத்தினாள். கதவு திறந்தது. ஏழு மாத வயிற்றில் மெக்சி நனைந்து ஒட்டியிருக்க, என் மனைவி நின்றாள். விரலிடுக்கில் நனைந்து நைந்துபோன என்னுடைய சிகரட்.

"நெருப்பெண்டு நினைச்சன்" என்றேன்.

"அணைச்சிட்டீங்கதானே" என்றாள்.

நான் முதலில் பார்த்தது வேலிக்கு அந்தப் பக்கம். யாரும் கண்டார்களா? இரண்டாவதாகத்தான் அவள் வயிற்றைப் பார்த்தேன். பிறகு அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் உள்ளே நின்றேன். ஊர் பார்த்தால் அதைவிட மோசமாக நினைத்திருக்கும்.

"எப்ப தொடங்கின இந்தக் கூத்து?"

"அங்கதான்."

அங்க என்றால் குவைத். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். புடவை முழம் போடும் என் சம்பளத்தில் ஒரு சுவர்கூட எழும்பாது. மகளுக்கு வீடு கட்டவென்று இவள்தான் வீட்டுவேலைக்குப் போனாள். வீடு எழும்பியது. அவளும் திரும்பி வந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே இந்த வயிறும் வந்தது.

"மொட்டமாடியில உடுப்புக் காயப் போடப் போனா மட்டும்தான் ஆரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். "அடுத்த வீட்டு வேலக்காரப் புள்ள ஒருத்தி நீட்டினா. அழுதா முகம் வீங்கும், மேடம் ஏசுவா. இது வீங்காது."

"இஞ்ச வந்து என்ன வந்த உனக்கு? இஞ்ச ஆரு ஏசுற?"

"இஞ்ச வந்து விட்டுட்டன். வயிறு தெரியத் தொடங்கின பிறகுதான்..." நிறுத்தினாள். "மாப்பிள்ளட உம்மா வந்து என்ன சொன்னா? உங்களுக்கும் மகளுக்கும் ஒரு தொட்டில் போதும்போல எண்டா. எல்லாரும் சிரிச்ச. நீங்களும்தானே சிரிச்சீங்க."

ஓம், சிரித்தேன். பகிடி எங்கிருந்து வந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மகள் அண்டைக்குப் பிறகு என்னோட முகம் பாத்துக் கதைக்கல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் சிகரட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் விடுவது என்று ஒப்பந்தம். கூரைப் பெட்டியைக் கிணற்றடியில் பிய்த்துப் போட்டேன். டொபி, இஞ்சி, ஏலம் எல்லாம் கொண்டு வந்து கொட்டினேன். நான் விட்டுவிட்டேன்; பயந்தவனுக்கு விடுவது லேசு. அவளுக்கு லேசாக இருக்கவில்லை. தூக்கம் போனது. கறியை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாள். ஒரு நாள் சாம்பிராணி மறுபடியும் மணத்தது. சிகரட்டை எங்கே வாங்கினாள், யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மாப்பிள்ளை வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. குளியலறைக்கு வெளியே காவல் நின்று, ஆள் வந்தால் இருமினேன். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த உத்தியோகம் அதுதான்.

வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ், வயிற்றை அளந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மாசத்துக்கு வயிறு காணாது, சின்னனா இரிக்கு. வீட்டில பத்துற ஆக்கள் இரிக்காங்களா?"

கேட்டது என்னைப் பார்த்து. மனைவியின் கண் பாய் ஓரத்திலேயே இருந்தது.

"பத்தின நான்தான் மிஸ். இப்ப டொபி சூப்புறன்" என்றேன்.

மிஸ் நன்றாக ஏசினார். பொண்டாட்டி பிள்ளை மேல் அக்கறை இல்லாத மனிசன் என்றார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அப்போது எனக்கு நினைப்பு.

பிறகு ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று துணைக்கு மகளும் வந்தாள், முகத்தைத் தூக்கிக்கொண்டு. டொக்டர் ஒரு பெண். அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். அதற்கு வெளியே வாங்குகளில் உட்கார்ந்து ஊர்ப் பெண்கள். பிள்ளை வளரவில்லை, பிள்ளைக்குப் போகும் இரத்தம் போதாது என்று சொன்ன டொக்டர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சிகரட் பத்துற ஆளா?"

"டொக்டர், எனக்கு வருத்தம் ஒண்டுமில்ல, பயம்தான் கூட எண்டு..."

"அவர் விட்டுட்டார்" என்றாள் மனைவி. "நான்தான் பத்துறன்."

திரைக்கு வெளியே பேச்சு நின்றது. ஒரு பிள்ளை அழுதது; அதையும் யாரோ அடக்கினார்கள்.

டொக்டர் ஏசவில்லை. கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். "முதல்லயே சொல்லியிருந்தா விடுறதுக்கு உதவி செஞ்சிரிப்பமே அம்மா."

"ஆரும் என்னட்டக் கேக்கல்லையே டொக்டர். எல்லாரும் இவரட்டத்தானே கேட்ட."

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் மகள் நடுவில் இருந்தாள். சாய்ந்தமருது தாண்டியதும் தாயின் பக்கம் திரும்பினாள்.

"நான் கதைக்காததாலயா உம்மா?"

"இல்ல மகள்." வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனது. "கொஞ்சம்."

அன்றைக்குப் பிறகு அவள் பத்தவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் அவளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். தினமும் போனில் விசாரித்தார். மகள் இரவில் தாயோடு படுத்தாள். கல்யாணத் தரகர் மட்டும் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் அவசரமாக வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பிள்ளை நாள் முந்திப் பிறந்தான். என் உள்ளங்கையில் தலையும் முழங்கைக்கு வராத கால்களும். கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சோடு சண்டை பிடித்தான். பிறகு நிறுத்திவிட்டான். சிகரட்தானா என்று டொக்டரிடம் கேட்டேன். "அதுதான் எண்டும் சொல்லேலா, அதில்ல எண்டும் சொல்லேலா" என்றார். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

ஜனாஸாவை நானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். பாரமே இல்லை. அடக்கிவிட்டு மையவாடியால் வெளியே வந்ததும் கடைக்காரச் சினேகிதர்கள் சுற்றி நின்று, ஆறுதலுக்கு ஆளுக்கொரு சிகரட் நீட்டினார்கள். "பத்து மச்சான், மனசு கொஞ்சம் லேசாகும்." வாங்கி வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, வரும் வழியில் மணலுக்குள் மிதித்தேன்.

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து, "சபூர் செய் புள்ள, பொறுத்துக்க, அல்லாஹ் நாடினது" என்று என் மனைவியைக் கட்டிப் பிடித்தார்கள். கட்டிப் பிடிக்கும்போது ஒவ்வொரு மூக்கும் அவள் வாய்க்குக் கிட்டப் போய் ஒரு கணம் நின்றது. அவளுக்கும் அது தெரிந்தது. மூச்சை அடக்காமல், முகத்தைத் திருப்பாமல், எல்லோருக்கும் தன் மூச்சை முகரக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மகள் போய்த் தாயின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நெருங்க இடமிருக்கவில்லை.

என் மனைவி பத்துகிற கதை அந்தக் கிழமைக்குள் ஊரின் கடைசித் தெரு வரை போய்ச் சேர்ந்தது. அன்று முகர்ந்து பார்த்தவர்களில் ஒருவராவது, அவளில் ஒரு மணமும் இல்லை என்று எங்கேயும் சொன்னதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை.