எழுதிக் கொடுக்காத புகார்

விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் கவிதா ஒரு திருநங்கை. எடப்பாடியில் என் மாடி வீட்டுக்கு அவர் வாடகைக்குக் குடிவந்த அடுத்த வாரமே தெருக்காரர்கள் திரண்டு வந்தார்கள்.

“ஏனுங்க சார், குடும்பங்க இருக்கற தெருவுங்க இது. காலி பண்ணச் சொல்லிப் போடுங்க” என்றார் எதிர்வீட்டு முருகேசன்.

நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கோரிக்கையை வலிக்காமல் சாகடிக்கத் தெரியும். “அப்படியே எழுதிக் குடுங்க. காரணம், பேரு, கையெழுத்து வேணுமுங்க” என்று வெள்ளைத்தாளை நீட்டினேன். அது கைமாறிக் கைமாறி வெள்ளையாகவே என்னிடம் திரும்பியது. காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள்.

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த கவிதா பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒருத்தராச்சும் கையெழுத்துப் போட்டிருந்தா நான் பொட்டி கட்டியிருக்கோணுமுங்களா, சார்?” என்றார்.

நடைமுறையெல்லாம் விளக்கிய நான், அவர் இங்கேதான் இருப்பார் என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் பால் வாங்கும் இடத்தில், எல்லார் முன்னிலையிலும் முருகேசன் விடவில்லை. “என்ன சார், யோசிச்சீங்களா?”

“கவிதா இங்கதான் இருப்பாங்க.”

“காரணம் சொல்லுங்க.”

“அது அவங்க குடியிருக்கற ஊடுங்க. வேறென்ன காரணம்?”

முருகேசன் இப்போது என்னோடு பேசுவதில்லை. விதி எதையும் காட்டாமல் நான் சொன்ன முதல் பதில் அது. அலுவலகத்தில் இருந்தபோதே யாருக்காவது அப்படி ஒன்று சொல்லியிருக்கலாம்.