பின்னால் நின்றவர்

குழந்தைகளைப் படமெடுக்கும் அந்த ஸ்டுடியோவில் அவளை மங்கலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மங்கலம் அவள் பெயரல்ல. அவள் எடுக்கும் படத்தில் குழந்தையின் கண்ணிமை மயிர்கூட எண்ணுகிற மாதிரித் தெரியும். பின்னாலிருக்கும் பொம்மை, திரை, சுவர் எல்லாம் மங்கலாகக் கரைந்திருக்கும். அதனால் வந்த பட்டப்பெயர். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து, முகத்துக்குக் கிட்டத்தில் போய் எடுப்பாள். அப்படி எடுத்தால் மெல்லிய ஒரு பட்டைதான் தெளிவாக விழும். மற்றதெல்லாம் வெறும் நிறம்.

வீட்டிலும் அதே கை, அதே பழக்கம்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு. மாலையில் கொழுந்தன் வந்து, பத்திரிகையில் போட அண்ணன் படம் ஒன்று வேண்டும் என்றான். வீட்டிலேயே போட்டோகிராபர் இருக்கும்போது படத்துக்கா பஞ்சம் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். மகள் தவழ்கிறாள், பல் விழுந்து சிரிக்கிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள். எல்லாவற்றிலும் அவர் பின்னால் இருந்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம்.

"இத கொஞ்சம் தெளிவாக்க முடியாதா அண்ணி?"

"எடுக்கும்போதே விழல. விழாதத எங்கேர்ந்து கொண்டுவர்றது?"

சைக்கிள் படத்தில் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவர் கை, மகளின் முகம் இருந்த அதே தூரத்தில் இருந்ததால், துல்லியமாக விழுந்திருந்தது. நகக்கண்ணில் கிரீஸ்கூடத் தெரிந்தது. கொழுந்தன் அதை வெகுநேரம் பார்த்தான். கையைப் பத்திரிகையில் போட முடியாதே என்றான்.

அவள் அழுவாள் என்று நினைத்து அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அழுகை வரவில்லை. பணிமனை அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருந்த படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் வந்தது ஒரு கைக்குழந்தை. அதைக் கிடத்தியிருந்த கட்டில் பக்கத்தில் அம்மா, சுவரோரம் அப்பா. அவள் வழக்கம்போல ஒன்று எடுத்தாள். பிறகு கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி, துவாரத்தைச் சுருக்கினாள். துவாரம் சுருங்கினால் பின்னாலிருப்பதும் தெளிவாக விழும்; ஆனால் வெளிச்சம் போதாது. கூடுதலாக இரண்டு விளக்கு வைத்தாள். சுவரோரம் நின்றவரைக் கட்டிலருகே வரச் சொன்னாள்.

"பின்னாடி ஸ்விட்ச் போர்டெல்லாம் தெரியுதே" என்றாள் குழந்தையின் அம்மா.

"தெரியட்டும். எல்லாரும் தெரியணும்."

முதலாளி தனியே கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மங்கலுக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்றார். தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து எல்லாருக்கும் இரண்டு விதமாகவும் எடுத்தாள். இரண்டாவதை யாரும் பாராட்டவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அதில் ஆறுதல் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. விரல்கள் பாட்டுக்கு வேலையைச் செய்தன.

மாலையில் மகள், இன்று யாரை எடுத்தாய் என்று கேட்டாள்.

"ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு பாப்பா."

மகள் பசிக்கிறது என்றாள். அவள் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.