பல் செட்காரரின் காலைத் தியானம்

என் அண்ணனுக்கு வேலை பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அண்ணன் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை அச்சு எடுத்து, மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மினுமினுவென்று திருப்பி அனுப்புவார். வீட்டின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறைதான் பட்டறை. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க வெள்ளைத் தாடைகள். ஊரில் பாதிப் பேரின் வாய் அங்கே இருந்தது. ஆனால் பேசுவது அண்ணன் மட்டும்தான்.

அண்ணனுக்கு மூக்கின் மேல் கோபம் என்று சொன்னால் அது உபசாரத்துக்குச் சொல்வது. கை நீட்டிய மனிதர் இல்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை, நாக்கே போதுமானதாக இருந்தது. குடை தொலைந்தால் அண்ணிக்கு அறிவில்லை. மழை வந்தாலும் அண்ணிக்கு அறிவில்லை. நான் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன், பள்ளியில் கணக்கு டீச்சர். என்னிடம் மட்டும் அவர் வாலாட்ட மாட்டார். நானும் அதே தாய் வயிற்றில் பிறந்தவள்தானே.

இத்தனைக்கும் அண்ணன் ஜெபம் பண்ணினால் சபையே உருகும். நல்ல குரல், தடங்கல் இல்லாத வார்த்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளின் மாமனார், மாமியார் விருந்துக்கு வந்திருந்தார்கள். அண்ணன் கண்ணை மூடிச் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணினார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள், தண்ணீர் டம்ளர் ஒன்று குறைகிறது என்று அண்ணன் பார்த்துவிட்டார். "அறிவு கெட்டவளே, எண்ணிக்கூட வைக்கத் தெரியாதா உனக்கு?" என்றார். அத்தனை பேர் முன்னால்.

அண்ணி எழுந்து டம்ளர் கொண்டுவந்து வைத்தார். எல்லாருக்கும் பரிமாறினார். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"எனக்கு உங்க மேல வெறுப்பு ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணனிடம். "பயமா இருக்கு. ஜெபம் பண்ண வாயில ஈரம் காயல, அதுக்குள்ள அதே வாய் என்னைக் கடிக்குது. இந்த வயசுல இனிமே பயந்துகிட்டு இருக்க முடியாதுங்க. நான் பொண்ணு வீட்டுல இருந்துக்கறேன்."

"போ, போ. ரெண்டு நாள்ல தானா வருவே," என்றார் அண்ணன்.

வரவில்லை. பள்ளியில் ஒரு பருவத் தேர்வு முடிந்து அடுத்த தேர்வும் வந்துவிட்டது. அண்ணன் டீ போடப் பழகினார். அதைக் குடிக்க நான் பழகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் போதகரின் பல் செட் விரிசல் விட்டது. டாக்டரிடம் போகாமல் நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். மேல்வரிசைப் பல்லை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒட்டி, காய்ந்து, தேய்த்து முடியும்வரை அவரால் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேச முடியாது. அண்ணனுக்கு அது கண்டிப்பாகத் தெரியும். கிடைத்தது வாய்ப்பு என்று அண்ணியைப் பற்றி மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். இத்தனை வருஷம் உழைத்துப் போட்டது, நன்றியில்லாதது, மகள் ஏற்றிவிடுவது, எல்லாம். போதகர் கைக்குட்டைக்குள்ளே ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பல்லை மாட்டிக்கொண்ட பிறகு போதகர் ஒன்றுதான் கேட்டார்.

"இதெல்லாம் என்கிட்ட சொன்னீங்க. ஆண்டவர்கிட்ட தனியா உட்கார்ந்து எப்பவாவது பேசியிருக்கீங்களா அண்ணாச்சி?"

"தினமும் ஜெபம் பண்றேனே ஐயா."

"நாலு பேர் கேக்க பண்றதைச் சொல்லல. யாரும் இல்லாதப்போ."

அண்ணன் பதில் சொல்லாமல் தேய்க்கும் மெஷினைத் துடைத்தார். எனக்கு அது புது அனுபவம்.

மறுநாள் காலையிலிருந்து பட்டறை மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். முதல் அச்சுக்குப் பிளாஸ்டர் ஊற்றிவிட்டால் அது இறுகும்வரை தொடக்கூடாது. அந்த நேரத்தைத் தியானத்துக்கு வைத்துக்கொண்டார். பிளாஸ்டர் இறுகும்போது தானாகச் சூடேறும், பிறகு மெல்ல ஆறும், ஆறும் முன்னால் கைவைத்தால் உடைந்துவிடும். இதைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லலாமா என்று போதகர் பிற்பாடு ஆசையாகக் கேட்டார். "வேணாம் ஐயா, அது வெறும் பிளாஸ்டர்," என்றுவிட்டார் அண்ணன்.

தியானத்தால் மனிதர் மாறுவார் என்று சபையில் சொல்வார்கள். நான் பார்த்தவரை மாறுவது குரல் ஒன்றுதான், கொஞ்சம் குழைந்துவிடும். அதனால் அண்ணன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. அவரும் நம்பும்படி நடந்துகொள்ளவில்லை. காலையில் உட்கார்ந்து எழுந்ததும் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"உன் அண்ணி போன் பண்ணாளா?"

"இல்லையே."

"இன்னிக்கும் அவளுக்காக ஜெபம் பண்ணேன்."

"அண்ணா, நீ ஜெபம் பண்றியா, ஆர்டர் போட்டுட்டு டெலிவரி எப்பன்னு கேக்கறியா?"

முறைத்தார். ஆனாலும் மறுநாள் அதே கேள்விதான்.

அப்புறம் ஒரு காலையில் கேள்வி வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேதப்புத்தகம் மடியில் திறந்திருந்தது, அவர் அதைப் படிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

"எனக்கு இது ஒத்துவராது போல இருக்கு," என்றார். "உட்கார்ந்து படிக்கிறேன். கொஞ்சம் படிச்சதும் மனசு அமைதியாகும்னு பாத்தா, நான் பேசினதெல்லாம் கேக்குது. அவகிட்ட. ஒண்ணு ஒண்ணா. அவ அம்மா செத்த அன்னிக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் அண்ணன் அதை ஞாபகம் வைத்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

"அப்போ விட்டுடப் போறியா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டா மட்டும் கேக்காதா?" என்றார்.

விடவில்லை. அன்றிலிருந்து அவருடைய ஜெபத்தில் அழகு போய்விட்டது. மாடிவரை கேட்ட அந்தக் கணீர்க் குரலும் நின்றுபோயிற்று. சுவிசேஷத்தில் நாலைந்து வசனம் படிப்பார், அதையே திரும்பப் படிப்பார், பிறகு வாய்க்குள்ளேயே ஏதோ சொல்வார், பாதி நேரம் சும்மா இருப்பார். சில நாள் தூங்கிவிழுந்து நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டதும் உண்டு. நெற்றியில் வெள்ளைப் பொடியோடு வந்து டீ குடிப்பார், நான் சொல்லாமல் விட்டுவிடுவேன். சபையில் பொது ஜெபத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு வரியில் முடித்தார். மனிதருக்கு என்ன ஆயிற்று, விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாரா என்று சிலர் என்னிடம் விசாரித்தார்கள்.

ஒருநாள் அண்ணிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். இன்ன இன்ன நாளில் இன்ன இன்னது சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார். வா என்று கூப்பிடவில்லை. அண்ணி "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மூலைக்குப் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் கவனிக்க ஆரம்பித்தேன். பொருந்தவில்லை என்று எந்த டாக்டராவது போனில் குறை சொன்னால், முன்பெல்லாம் அந்த டாக்டரின் படிப்பு பரம்பரை எல்லாம் சந்திக்கு வரும். இப்போது "அனுப்புங்க டாக்டர், பாக்கறேன்," என்று வைத்துவிட்டு, மூலைக்குப் போய்ச் சுவரோடு பேசினார்.

"கோபம் போயிடுச்சா அண்ணா?"

"எங்க போகும்? வருது. முன்ன வந்ததும் வாசலைத் திறந்து விட்டுடுவேன். இப்போ உள்ளேயே கொஞ்சம் உட்கார வைக்கிறேன். ஆண்டவர் பக்கத்துல உட்கார்ந்தா அதுக்குக் கொஞ்சம் வெக்கமா இருக்கு போல."

இந்த நிலைமையில்தான் அண்ணி கண் பரிசோதனைக்காக ஊருக்கு வந்தார். என்னோடு மாடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் வீட்டைக் கழுவித் துடைத்தார், ஜன்னல் கம்பியைக்கூட விடவில்லை. ஆனால் இரு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று இருந்தார். இந்தத் தடவை அண்ணி போனால் போனதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மகள் வேறு தன் வீட்டில் பின்பக்கத்து அறையை அம்மாவுக்கென்றே சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிளம்பும் நாள் மத்தியானம் அண்ணி கீழே டீ கொண்டுபோனார். நான் பின்னால் பிஸ்கட் தட்டோடு இறங்கிக்கொண்டிருந்தேன். மேஜை ஓரத்தில் ஒரு முழு செட் தயாராக இருந்தது. மறுநாள் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவர் மாலையில் வந்து வாங்கிப்போக வேண்டியது. அண்ணன் அதற்காக ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தார். அண்ணி டீ டம்ளரை வைக்கும்போது முழங்கை பட்டது. சிமெண்டுத் தரையில் விழுந்து மேல்வரிசை இரண்டாகப் பிளந்தது. முன்பல் ஒன்று தெறித்துப் பலகைக்கு அடியில் ஓடியது.

அண்ணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. அந்தப் பழைய முகத்தை நான் மறுபடி பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் எழுந்தார். முகம் சிவந்து, உதடு துடித்தது. "அறி..." என்று வாயிலிருந்து வந்தேவிட்டது.

அங்கேயே நின்றது. வாயை மூடினார். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு இப்போ ரொம்பக் கோபமா இருக்கு," என்றார். "பேசினா தப்பா பேசிடுவேன். கொஞ்ச நேரம் குடு."

மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காது மடல் இரண்டும் சிவந்தே இருந்தன. "ஆண்டவரே, அவ வேணும்னு பண்ணல. வேணும்னு பண்ணல," என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி மாடிக்கு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்து, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போயிற்று.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தார். டார்ச் எடுத்துத் தரையில் குனிந்து பல்லைத் தேடி எடுத்தார்.

"ஒட்டிடலாம். சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்," என்றார். பிறகு, "பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"பயந்தேன்," என்றார் அண்ணி. "போன்ல நீங்க மன்னிப்பு கேட்டப்போ நான் நம்பலைங்க. நல்லா பேசத் தெரிஞ்சவர்தானே நீங்க. இப்போ நீங்க பேசாம போய் உட்கார்ந்ததைப் பாத்தேன்."

அண்ணன் கையிலிருந்த பல்லை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குப் பயம் முழுசா போகல," என்றார் அண்ணி.

"தெரியும். அது நான் வெச்சது. போகச் சொல்ல எனக்கு வாய் ஏது?"

அண்ணி முக்காலியைப் பார்த்தார். "நான் அங்க கொஞ்சம் உட்காரட்டுமா? இத்தனை வருஷம் நீங்களே பேசிட்டீங்க. எனக்கும் ஆண்டவர்கிட்ட சொல்ல நிறைய இருக்கு. எல்லாம் உங்களைப் பத்தித்தான். கேட்டா உங்களுக்குக் கோபம் வரும்."

"நான் கேக்க வேணாம். நீ சொல்லு," என்றார் அண்ணன். முக்காலியைத் துணியால் துடைத்து வைத்தார். என்னையும் கண்ணால் கூப்பிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினார்.

தெருவில் நின்றோம். உடைந்த செட் உள்ளே மேஜைமேல் கிடந்தது. கல்யாண வீட்டுக்காரர் எந்த நேரமும் வந்துவிடலாம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அண்ணியின் அழுகை கேட்டது. பிறகு குரல் உயர்ந்தது. அண்ணி அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வார்த்தை பிடிபடும் முன்னே அண்ணன் இன்னும் நாலு வீடு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கல்யாண வீட்டுக்காரர் பொக்கை வாயோடு வந்தார். அண்ணன் அவரை வழியிலேயே மறித்து, வேலை இன்னும் முடியவில்லை, தவறு என்னுடையது, நானே இரவுக்குள் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்றார். அந்த மனிதர் கத்தினார். பொறுப்பில்லாதவன், அறிவு கெட்டவன் என்றெல்லாம் நடுத்தெருவில் வைத்துச் சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும், "உள்ள போய் வேலையப் பாரேன் அண்ணா, நேரம் ஆகுதே," என்றேன்.

"அவ முடிக்கட்டும்," என்றார்.

அண்ணி ஏறவேண்டிய மாலை பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்து நின்று, கிளம்பிப் போயிற்று. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி தானாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.